நாஞ்சில் நாட்டு வீட்டுக்கு இரட்டை பிராசஸர் எதற்கு?

வீட்டில் இரவுபகலாக ஓட ஒரு சர்வர் வேண்டும் என்று நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒருவர் விசாரித்தால், விவரம் தெரிந்தவர்களிடமிருந்து வரும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான். பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட, இரண்டு ஜியான் பிராசஸர் போட்ட சர்வர் ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ பார்த்து வாங்கிவிடுங்கள் என்பார்கள். கேட்டவர் கல்யாண வீடியோக்களைச் சேர்த்துவைக்க இடம் தேடும் ஸ்டூடியோக்காரராக இருக்கலாம். வீட்டிலிருந்தபடி வேலை செய்யும் மென்பொருள்காரராக இருக்கலாம். நிலப் பத்திரங்களையும் குடும்பப் படங்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் யோசனை மாறுவதில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களும் மாறுவதில்லை: ஒரு பிராசஸர் போனாலும் இன்னொன்று தாங்கும், சர்வருக்கென்றே செய்த சாமான் என்பதால் நிற்காமல் ஓடும், இரண்டு இருப்பதால் எவ்வளவு வேலை கொடுத்தாலும் திணறாது. இவற்றில் முதலாவது முழுத் தவறு. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது இருபது ஆண்டுகளுக்கு முன்னால் உண்மையாக இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் காற்றையும் கரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நிலைத்து ஓட வேண்டும் என்பதற்காகவே இரட்டை பிராசஸர் வாங்குவது நேரெதிர்ப் பலனைத் தரும்.

ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்ற நம்பிக்கைதான் இந்த யோசனையின் ஆணிவேர். ஆகவே அதை முதலில் பார்க்கலாம். இன்றைய இரட்டை ஸாக்கெட் போர்டில் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசஸருக்கு உள்ளேயே இருக்கிறது. போர்டில் உள்ள ராம் ஸ்லாட்டுகளில் பாதி ஒரு பிராசஸருக்கும் மறுபாதி மற்றதற்கும் சொந்தம். நெட்வொர்க் கார்டு, டிஸ்க் கன்ட்ரோலர் போன்றவை செருகும் வழிகளும் அப்படியே பிரிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் இணைக்க இடையில் ஓர் அதிவேகத் தடம் உண்டு. லினக்ஸோ விண்டோஸோ இரண்டு பக்கத்து ராமையும் ஒரே பரப்பாகக் கருதித் தன் சொந்தத் தரவையும் அதில் பரப்பி வைத்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பிராசஸர் செத்தால் அதன் பக்கத்து ராமும் அதனோடு போய்விடும். அதில் பாதியில் நின்ற கணக்குகளும் போய்விடும். சிஸ்டம் அந்த நொடியே நின்றுவிடும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று படுத்துவிட்டால் மற்றது எவ்வளவு திடமாக இருந்தாலும் உழவு நின்றுதான் போகும். அந்த நிலைதான் இது. ஒரு பிராசஸர் நின்றாலும் வேலை நிற்காத கணினிகள் உலகில் இல்லாமல் இல்லை. 1974இல் தொடங்கிய டேண்டம் நிறுவனமும் 1980இல் தொடங்கிய ஸ்ட்ராடஸ் நிறுவனமும் வங்கிகளுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் அப்படிப்பட்டவற்றைச் செய்து விற்றன. ஸ்ட்ராடஸில் ஒரே கட்டளையை இணையான பிராசஸர்கள் ஒரே சமயத்தில் செய்ய, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று வன்பொருளே சரிபார்க்கும். அதற்கென்று தனிச் சுற்றுகளும் தனி மென்பொருளும் தேவைப்பட்டன. ரிச்சி தெருவில் கிடைக்கும் சர்வர் அந்த வம்சமே இல்லை. அதன் இரண்டாவது பிராசஸர் வேகத்துக்காக வைத்தது. பழுதாகக்கூடிய பொருட்கள் இரட்டித்திருக்கின்றன. பழுதைத் தாங்கும் ஏற்பாடு எதுவும் சேரவில்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு நியாயமான வரலாறு இருக்கிறது. 1995இல் பென்டியம் ப்ரோ வந்த காலத்தில் ஒரு பிராசஸருக்கு ஒரே ஒரு கோர்தான். ஒரு புரோகிராம் அந்த ஒற்றைக் கோரை முழுசாகப் பிடித்துக்கொண்டால் மவுஸ் நகரக்கூடச் சிரமப்படும். 1999இல் வந்த ஏபிட் பிபி6 போர்டில் இரண்டு விலை குறைந்த செலரான்களைப் போட்டு ஓட்டியவர்களுக்கு அந்தத் திணறல் நீங்கியது; அந்த இதம் மறக்க முடியாததாக இருந்திருக்கும். அன்று இரட்டை பிராசஸர் கேட்டது தவறே இல்லை. ஆனால் அப்போதுகூட அதனால் நிலைத்தன்மை கூடவில்லை. லினக்ஸுக்குப் பல பிராசஸர் வசதி 1996இல் 2.0 பதிப்போடுதான் வந்தது. கர்னல் முழுவதற்கும் ஒற்றைப் பூட்டு போட்டுச் சமாளித்த அந்த ஏற்பாட்டின் கடைசி மிச்சம் நீங்க 2011 ஆயிற்று. இரண்டு பிராசஸர் இருக்கும் என்று எண்ணாமல் எழுதிய டிரைவர்கள் சிஸ்டத்தை உறையவைத்தன. விண்டோஸ் 98க்கோ இரண்டாவது பிராசஸர் இருப்பதே தெரியாது. பிறகு 2005இல் இன்டெலும் ஏஎம்டியும் ஒரே சில்லுக்குள் இரண்டு கோர்களை வைத்தன. அன்றோடு வீட்டுக்கு இரண்டு ஸாக்கெட் கேட்பதற்கான காரணம் முடிந்துவிட்டது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே கணினியைத் தின்பது எது என்று சர்வீஸ் செய்பவர்களைக் கேட்டால் பிராசஸர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டிஸ்பிளே வரவில்லை என்று ஒரு பெட்டி வந்தால், அவர்கள் முதலில் ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்பச் செருகுவார்கள். பாதிப் பெட்டிகள் அதிலேயே உயிர்பெற்றுவிடும். காரணம் காற்றிலேயே இருக்கிறது. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் காற்றோடு நுண்ணிய உப்புத்துகள் வீட்டுக்குள் வந்து படிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே கரையும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் இந்த மண்ணில், ஆண்டின் பெரும்பகுதி இரவுகளில் அந்த அளவை ஈரம் தாண்டும். ஆக, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று செம்பின் மேலும் ஈயப் பற்றின் மேலும் இரவுதோறும் படிந்து பகலில் உலர்கிறது. பொன் முலாம் பூசிய இணைப்புகளிலும் முலாமின் நுண்துளை வழியே இறங்கி அடியில் உள்ள உலோகத்தை அரிக்கிறது. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று தோவாளைப் பக்கத்து வீடுகளுக்குத் தூசியைக் கொண்டுவருகிறது. மேற்கே குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கிடையே ஈரம் குறைவதே இல்லை.

இந்தச் சூழலில் எண்ணிப் பார்க்க வேண்டியது கோர்களை அல்ல, இணைப்புகளை. 2014க்கும் 2016க்கும் இடையே வந்த ஜியான் ஈ5 வகையின் ஒவ்வொரு ஸாக்கெட்டிலும் 2011 தொடுமுனைகள், இரண்டுக்கு 4022. இரண்டு பிராசஸரும் முழு வேகத்தில் ஓட வேண்டுமானால் ஒன்றுக்கு நான்காக எட்டு ராம் பலகைகள் வேண்டும். டிடிஆர்4 பலகை ஒன்றுக்கு 288 தொடுமுனை என்றால் எட்டுக்கு 2304. மொத்தம் 6326. ஏஎம்டியின் ஏஎம்4 ஸாக்கெட்டில் ஒரு ரைசன் பிராசஸரும் இரண்டு ராம் பலகைகளும் போட்டால் 1331உம் 576உம் சேர்த்து 1907. வெறும் அழுத்தத்தால் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் உலோக முனைகள் மூன்று மடங்குக்கு மேல் கூடுகின்றன. இவற்றில் ஒன்றின் தொடுகை தளர்ந்தாலும் விளைவு, வாரத்துக்கு ஒருமுறை காரணம் தெரியாமல் உறைந்துபோகும் சிஸ்டமாக இருக்கலாம். அதைவிடத் தேடிப் பிடிக்கக் கடினமான பழுது வேறு கிடையாது. போதாக்குறைக்கு, அந்தச் சர்வர்கள் குளிரூட்டிய, வடிகட்டிய காற்றுள்ள டேட்டா சென்டருக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் சிறிய விசிறிகள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்குமேல் சுழன்று, முன்பக்கத்துக் காற்றை முழுவேகத்தில் போர்டின் மேல் வாரியடிக்கும். வடிகட்டிய காற்றில் அது நன்மை. முட்டத்து வீட்டு மாடியறையில் அந்த வேகம் உப்பையும் அதே வேகத்தில் உள்ளே இழுத்துச் சேர்க்கும். சர்வர் தரம் என்ற சொல் எந்த இடத்துக்கான தரம் என்பதையும் சேர்த்தே குறிக்கிறது. அதை நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

அடுத்தது கரண்ட். இதில்தான் இரட்டை பிராசஸர் மிகப் பெரிய தொல்லை கொடுக்கிறது. ஆனால் வாங்கும்போது இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரட்டை ஈ5 சர்வர் எந்த வேலையும் செய்யாமல் சும்மா நிற்கும்போதே 100 முதல் 150 வாட் வரை இழுக்கும். ஒற்றை ரைசனும் இரண்டு ஹார்ட் டிஸ்கும் கொண்ட பெட்டி 40 வாட்டுக்குள் அடங்கும். நடுவாக 120 வாட் என்று வைத்தால் மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 173 யூனிட். 40 வாட்டுக்கு 58 யூனிட். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் நம் படிக்கட்டுக் கட்டணத்தில் இந்த 115 யூனிட் கடைசிப் படியில்தான் போய் உட்காரும். ஆனால் பணத்தைவிட முக்கியம் தாங்கும் நேரம். இங்கே பல வீடுகளில் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியோடு இன்வர்ட்டர் ஏற்கெனவே இருக்கிறது. பன்னிரண்டு வோல்ட்டில் அது 1800 வாட்-மணி. இன்வர்ட்டர் இழப்பும் பேட்டரியை முழுக்க வற்றவிடக்கூடாது என்ற எச்சரிக்கையும் போக, பாதிதான் நம்பத்தக்கது. அந்த 900 வாட்-மணியில் இரட்டை பிராசஸர் ஏழரை மணி நேரம் ஓடும். சிறிய பெட்டியோ ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க ஓடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன; பல ஊர்களுக்குப் பல நாள் கரண்ட் இல்லை. அந்த அளவுப் பேரிடரில் எந்தப் பெட்டியும் ஓடாது, உண்மைதான். ஆனால் புயல் ஆண்டுக்கணக்கில் ஒருமுறை வருவது. ரப்பர் கிளையோ தென்னை மட்டையோ கம்பியில் விழுந்து அரை நாள் கரண்ட் போவது ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடப்பது. அதைத் தாண்டுகிறதா என்பதே நிலைத்தன்மையின் அன்றாடச் சோதனை.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. கரண்ட் போய் இன்வர்ட்டர் கைமாறும் இடைவெளியில் கணினியைத் தாங்குவது பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரில் சேர்ந்திருக்கும் மின்சாரம். முழு லோடில் அது ஏறத்தாழ 16 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். இன்வர்ட்டரை யுபிஎஸ் மோடில் வைத்தாலும் கைமாற அதே அளவு நேரம் ஆகிவிடக்கூடும். சாதாரண மோடில் இன்னும் நீளும். லோடு குறைந்தால் அதே கெபாசிட்டர் அதற்கேற்ப நெடுநேரம் தாங்கும். ஆகவே 450 வாட் பவர் சப்ளையில் 40 வாட் இழுக்கும் பெட்டி கைமாற்றத்தை உணராமலே தாண்டிவிடும். வேலையில் மூழ்கி 350 வாட் இழுக்கும் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிவிடும், எழுதிக்கொண்டிருந்த டிஸ்கும் பாதியில் நிற்கும். இதற்கு ஒரு நல்ல யுபிஎஸ் நடுவில் வைப்பதுதான் முறை. ஏக்டிவ் பிஎஃப்சி உள்ள பவர் சப்ளைக்குச் சைன் வேவ் தரும் யுபிஎஸ் வேண்டும். சதுர அலை இன்வர்ட்டரில் அவை தடுமாறும். சிறிய பெட்டிக்கு அந்த யுபிஎஸ்ஸும் சிறியதாகப் போதும். எர்த்தையும் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட வேண்டும். கோடையில் குழி வறண்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரில் பல வோல்ட் காட்டும் வீட்டில் எந்தப் பிராசஸர் வாங்கியும் பயனில்லை. சித்திரை வைகாசிக் கோடை இடியும் ஐப்பசி இடியும் கம்பி வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகின்றன. செம்புக் கேபிளில் வரும் இணைய இணைப்பை ஃபைபருக்கு மாற்றினால் ஒரு வாசல் அடைபடும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு இசிசி ராம். பிட் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் அந்த வசதி சாதாரண டெஸ்க்டாப்பில் இல்லை, சர்வரில் இருக்கிறது, அதற்காகவாவது சர்வர் வாங்கத்தான் வேண்டும் என்பார்கள். இசிசி வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. விண்வெளிக் கதிர்கள் பிட்டைப் புரட்டிவிடும் என்று பயமுறுத்துவது வழக்கம். கடல்மட்டத்தில், காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் ஊரில் அந்தக் கதிர்களின் தாக்கம் உலகிலேயே குறைந்த அளவுகளில் ஒன்று. 1963இல் ராக்கெட் ஏவ தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதே அந்த நடுக்கோட்டை ஒட்டி இருந்ததால்தான். அப்படியானால் இசிசி நமக்குத் தேவையில்லையா? தேவைதான். கூகுளின் டேட்டா சென்டர்களில் இரண்டரை ஆண்டு திரட்டிய பதிவுகளை வைத்து 2009இல் வெளிவந்த ஆய்வு, ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணினிகளில் குறைந்தது ஒரு ராம் பிழையாவது பதிவானதாகக் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை தற்செயலாக வந்துபோகும் பிழைகளாகத் தெரியவில்லை. பழுதாகிக்கொண்டிருக்கும் ராமில் திரும்பத் திரும்ப வருபவையாகவே தெரிந்தன. உப்புக்காற்றில் இணைப்பு கெடும் ஊருக்கு இது மிகப் பொருந்தும். பழுது முற்றுவதற்குள் பதிவேட்டில் எச்சரிக்கை வருகிறது, எந்தப் பலகை என்றும் தெரிகிறது. ஆனால் இதற்கு இரண்டு பிராசஸர் எதற்கு? ரைசன் ப்ரோ 5750ஜி போன்ற 65 வாட் சில்லுகள், ஏற்ற போர்டில் இசிசியைத் தாங்கும். ஒற்றை ஸாக்கெட் ஜியான் போர்டுகளும் எத்தனையோ உண்டு. டிடிஆர்5இல் இசிசி உள்ளேயே இருக்கிறது என்று கடையில் சொல்வதை மட்டும் நம்பிவிடக் கூடாது. சில்லுக்குள் நடக்கும் அந்தத் திருத்தம், ராமுக்கும் பிராசஸருக்கும் இடையிலுள்ள வழியில் நேரும் பிழையைக் காக்காது.

பழைய சர்வர் ராம் மலிவு என்பது இன்னொரு வாதம். மறுக்க முடியாத உண்மை. 128 ஜிபி வேண்டும் என்பவருக்கு அது பெரிய வித்தியாசம். ஆனால் எச்பி இசட்440 போன்ற ஒற்றை பிராசஸர் வொர்க்ஸ்டேஷனும் அதே ரெஜிஸ்டர்டு ராமைத்தான் எடுத்துக்கொள்கிறது. நிறைய வர்ச்சுவல் மெஷின் ஓட்ட வேண்டும் என்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016இல் வந்த ஈ5-2680 வி4இல் 14 கோர்கள், 120 வாட். இரண்டு போட்டால் 28. அவை எட்டுக் கோர் ரைசனைவிட எண்ணிக்கையில் அதிகம்தான். ஆனால் ரைசனின் ஒரு கோர் அதன் ஒரு கோரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வேகமானது. ஒரு பக்கத்துக் கோர் மறுபக்கத்து ராமைத் தொடும்போது வரும் தாமதமும் ரைசனில் இல்லை. ஸ்டூடியோக்காரருக்கும் சிசிடிவி வைத்திருப்பவருக்கும் தேவையான வீடியோ என்ஜின் ஈ5இல் கிடையவே கிடையாது. 2023இல் வந்த என்100 என்ற சிறிய இன்டெல் சில்லில்கூட அது இருக்கிறது. பாலம், கட்டட வடிவமைப்புக் கணக்குகளை நாள்கணக்கில் ஓட்டும் பொறியாளருக்கு, நூறு கோர் கேட்கும் ஆராய்ச்சி மாணவருக்கு இரட்டை ஸாக்கெட் தகும். அவர்களுக்கு வேண்டியது வேகம். கணக்கு நடுவில் நின்றால் திரும்ப ஓட்டிக்கொள்வார்கள். பத்தாண்டுப் படங்களை ஒப்படைக்கும் வீட்டின் தேவை அதுவல்ல.

பழைய பிராண்டட் சர்வர் வேண்டாம் என்றால், ஈ5 பிராசஸர்களுக்கென்று சீனாவிலிருந்து வரும் புது இரட்டை ஸாக்கெட் போர்டு இருக்கிறதே என்று அடுத்த யோசனை வரும். அவற்றில் பல, எக்ஸ்99 என்று பெயர் போட்டுக்கொண்டு, பழைய டெஸ்க்டாப் போர்டுகளிலிருந்து கழற்றிய எச்81, பி85 போன்ற சிப்செட்டுகளை வைத்துச் செய்யப்பட்டவை. பயாஸ் அப்டேட் என்று ஒன்று பெரும்பாலும் வராது. இங்கே எல்லாவற்றையும்விடக் கனமான ஒரு கேள்வி எழுகிறது: பழுதானால் எத்தனை நாளில் திரும்ப ஓடும்? ஒரு பெட்டி எத்தனை காலத்துக்கு ஒருமுறை கெடுகிறது என்பது பாதிக் கணக்குதான். கெட்டபின் எழுந்து நிற்க எவ்வளவு காலம் என்பது மறுபாதி. இடியில் ஏஎம்4 போர்டு போனால் நாகர்கோவிலிலேயே, இல்லையென்றால் திருவனந்தபுரத்தில், மறுநாளே மாற்றுப் போர்டு வாங்கலாம். எச்பி, டெல் சர்வர்களின் போர்டும் பவர் சப்ளையும் அந்தந்த மாடலுக்கு மட்டுமே பொருந்துபவை. சென்னையிலும் பெங்களூரிலும் விசாரித்து, கூரியரில் வந்து சேர்ந்து, அதுவும் பழையதாகவே இருந்து, மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த இரண்டு வாரமும் சர்வர் நின்ற நேரம்தான்.

ஆகவே பணத்தை எங்கே போடுவது என்பதில் என் வரிசை இது. முதல் செலவு சைன் வேவ் யுபிஎஸ், சரியான எர்த், மீட்டர் பக்கத்தில் ஒரு சர்ஜ் தடுப்பான். அடுத்தது நல்ல நிறுவனத்துப் பவர் சப்ளை. கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரி வெப்பத்துக்கும் பாதியாகக் குறையும் என்பதால், பெட்டியைக் கான்கிரீட் மாடியறையிலோ பரணிலோ வைக்காமல் கீழ்த்தளத்தில் நடமாட்டமுள்ள அறையில் வைக்க வேண்டும். பெரிய விசிறி மெதுவாகச் சுற்ற, முன்னால் கழுவிப் போடக்கூடிய வலை ஒன்று. பின்பக்கத் திறந்த ஸ்லாட்டுகளை மூடிவிட வேண்டும், ஏனென்றால் வெதுவெதுப்பைத் தேடிப் பல்லி உள்ளே போய் பவர் சப்ளையில் கருகுவது இங்கே அரிதான பழுது இல்லை. அதன்பிறகு இசிசி ராம், இரண்டு டிஸ்குகள். ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதும் சிஎம்ஆர் வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டிக்கென்று விற்ற ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் எஸ்எம்ஆர் வகை என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020இல்தான் ஒப்புக்கொண்டது. பிராசஸருக்கு மிஞ்சுவது கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை. இவ்வளவும் வாங்கினால் பழைய சர்வரின் விலையைத் தாண்டிவிடுமே என்பார்கள். தாண்டும். ஆனால் அந்தப் பழைய சர்வருக்கும் யுபிஎஸ் வேண்டும், அதுவும் மூன்று மடங்கு பெரியதாக. எர்த்தும் வேண்டும், டிஸ்கும் வேண்டும். விலைப்பட்டியலில் இவை சேராததால்தான் அது மலிவாகத் தெரிகிறது.

எதையாவது இரண்டாக வாங்கியே தீர வேண்டும் என்பவர் பெட்டியை இரண்டாக வாங்கலாம். கடலோரத்து வீட்டில் ஒன்று; தோவாளையிலோ தக்கலையிலோ அக்காள் வீட்டில், சித்தப்பா வீட்டில் என்று வேறொரு டிரான்ஸ்ஃபார்மரில், வேறொரு கூரையின் கீழ் இன்னொன்று. இரண்டாவதற்கு என்100 போதும், ஒற்றை டிஸ்க் போதும். இரவில் மாறிய கோப்புகள் மட்டும் ஃபைபர் வழியாகப் போய்ச் சேரும். முதல் தடவை மட்டும் டிஸ்கைக் கையில் எடுத்துப் போய் நிரப்பிவிட்டால் கல்யாண வீடியோக்களின் பாரம்கூட வழியை அடைக்காது. முதல் பெட்டியில் ஒருவர் தவறுதலாக அழித்தது இரண்டாவதிலும் அழிந்துவிடாதபடி, பழைய நிலைகளைச் சில வாரங்களுக்கு வைத்திருக்கும் முறையில் அதை அமைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டாவது பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு கல்யாணத்தை முழுதாகத் திரும்ப எடுத்து, வீடியோ ஓடுகிறதா என்று கடைசி வரை பார்த்துவிட வேண்டும்.